வாங்குங்கள், ஒன்றோடு நிறுத்த மாட்டீர்கள்!

மினியேச்சர் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டச் சொல்லித்தரும் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? யூடியூபில்தான் எல்லாம் சும்மா கிடைக்கிறதே? இந்தக் கேள்வியை மனைவி கேட்டாள். மைத்துனன் கேட்டான். பார்சலைக் கையில் தூக்கி எடை பார்த்த கூரியர் தம்பிகூடக் கேட்டுவிட்டான். எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான்: வாங்குங்கள். ஒன்று வாங்கினால் இரண்டாவதும் வாங்குவீர்கள். அப்புறம் அதை வைக்க அலமாரி வாங்குவீர்கள். அந்த அலமாரியைத் திறந்து பார்க்கும் சந்தோஷத்துக்கு ஈடு எதுவும் கிடையாது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வார்கேம் என்பது மேஜைமேல் ஆடும் போர். பகடை, அளவு நாடா, விதிப்புத்தகம், இரண்டு பக்கமும் படை. ஒரு சிப்பாயின் உயரம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். உலோகக் கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ மொட்டையாக வருவான். சட்டை, பெல்ட், மீசை, முகக்களை எல்லாம் நாம் கொடுப்பதுதான். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்காகச் செய்த ஆட்டத்திலிருந்து கிளைத்தது இது. 1913இல் எச். ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' எழுதி அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். எங்கள் நீலகிரி மலைக்கும் இது அந்நியமில்லை. மலை ரயிலில் குன்னூருக்கு அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன். பிரிவினையின்போது குவெட்டாவிலிருந்து பிரிந்து வந்த முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. வார்கேம் அவர்களுக்குப் படிப்பின் ஒரு பகுதி. ஊட்டி கிளப்பிலோ 1882இல் ஸ்னூக்கருக்கு விதி எழுதி வைத்தார்கள். மேஜையைச் சுற்றிக் குனிந்து நிற்பது நீலகிரியின் பரம்பரைத் தொழில் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

சரி, புத்தகத்துக்கு வருவோம். வீடியோவைப் பழிக்க மாட்டேன். பிரஷ் எந்தக் கோணத்தில் சாய்கிறது, பெயின்ட் எவ்வளவு தண்ணியாக ஓடுகிறது என்பதை வீடியோவில்தான் பார்க்க முடியும். ஆனால் வீடியோ அதன் வேகத்தில் போகும், புத்தகம் என் வேகத்தில் நிற்கும். இடது கையில் சிப்பாய், வலது கையில் பிரஷ், பிரஷ் நுனியில் காய்ந்துகொண்டிருக்கும் சிவப்பு. இதில் எந்த விரலால் போனை நிறுத்தி, பத்து நொடி பின்னால் தள்ளுவது? விரித்த பக்கத்தின்மேல் ஒரு கூழாங்கல்லை வைத்தால் முடிந்தது வேலை. ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்டும் நெட்வொர்க்கும் சேர்ந்து போகிற ஊர் எங்களுடையது. அப்போதும் பேட்டரி விளக்கு வெளிச்சத்தில் பக்கம் அப்படியே இருக்கும்.

என்னை இந்தக் கிறுக்கில் முழுசாகத் தள்ளிவிட்டது கெவின் டாலிமோரின் புத்தகம். ஃபவுண்ட்ரி நிறுவனம் 2006இல் வெளியிட்ட வண்ணம் தீட்டும் வழிகாட்டி. அவர் சொல்வது ஒரே ஒரு முறைதான்: கறுப்பு அடிப்பூச்சு, அதன்மேல் ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று படி. இருண்டது, நடுத்தரம், வெளிச்சம். மடிப்பின் பள்ளத்தில் இருண்டதை விட வேண்டும், மேட்டில் நடுத்தரத்தை, மேட்டின் முனையில் மட்டும் வெளிச்சத்தை. இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் அடிக்கறுப்பு முடியளவு கோடாக எட்டிப் பார்க்கும்படி விட்டுவிட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? படியுங்கள், ஏன் அப்படி என்று பிடிபடும். நிஜ மனிதனின் சட்டை மடிப்பில் நிழல் தானாக விழும். 28 மில்லிமீட்டர் ஆளின் மடிப்பில் விழும் நிழல் மேஜைக்கு மறுபக்கம் நிற்பவர் கண்ணுக்கு எட்டாது. ஆகவே நிழலையும் வெளிச்சத்தையும் நாமே வரைந்து வைக்கிறோம், கொஞ்சம் மிகையாகவே. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து தெருவில் போகிற ஆள்களின் சட்டை மடிப்பைத்தான் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் ஸ்வெட்டரை உற்றுப் பார்த்து முறைப்பும் வாங்கியாயிற்று.

சிவப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான் தீட்டுவது 1803இல் மராத்தியத் தலைவர் சிந்தியாவைத் தளபதி வெல்லெஸ்லி எதிர்கொண்ட அசாயே போர்ப் படை, கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் காலாட்படை. எல்லாம் சிவப்புக் கோட்டு. சிவப்பு நிறமிகள் பல ஒளி ஊடுருவுபவை. கறுப்பின்மேல் நேராக அடித்தால் அழுக்காகத் தெரியும், வெள்ளையின்மேல் அடித்தால் திட்டுத்திட்டாகும். வெளிச்சம் காட்டுகிறேன் என்று வெள்ளையைக் கலந்தால் சிப்பாய் ரோஸ் கலர் கோட்டோடு நிற்பான். புத்தகம் சொல்லும் வழி எவ்வளவு அழகு பாருங்கள்: முதலில் காவி கலந்த அடர் பழுப்புச் சிவப்பு, அதன்மேல் நல்ல சிவப்பை இரண்டு மெல்லிய பூச்சு, கடைசியில் தோள் முனையிலும் கைப்பட்டையின் விளிம்பிலும் மட்டும் ஆரஞ்சு கலந்த சிவப்பு. அவ்வளவுதான், கோட்டு கம்பளித் துணியாகிவிடுகிறது! முதல் கோட்டு முடிந்த இரவு அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். "நல்லா இருக்குங்க, அடுப்பைக் கொஞ்சம் சிம்ல வைங்க" என்றாள் மனைவி. அதில் பாராட்டும் இருக்கத்தான் செய்தது.

உடைக்கு வேறு புத்தகம் வேண்டும். ஆஸ்ப்ரே பதிப்பகத்தின் 'மென் அட் ஆர்ம்ஸ்' வரிசையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளைப் பற்றி ஸ்டூவர்ட் ரீட் எழுதி, ஜெரி எம்பிள்டன் படம் போட்டு 2009இல் வந்த சிறிய நூல். பெயின்ட் அடிக்கச் சொல்லித்தரும் நூல் இல்லை, ஆனால் இது இல்லாமல் பெயின்ட் அடிக்க முடியாது. அந்தக் காலத்து மதராஸ் சிப்பாய்க்கு முழுக்கால் சட்டை கிடையாது. மேலே வெள்ளைக்காரச் சிப்பாயின் சிவப்புக் கோட்டு, கீழே தொடையளவு வெள்ளை ஜாங்கியா, அதன் ஓரத்தில் நீல முக்கோண வரிசை, அதற்குக் கீழே வெறுங்காலில் செருப்பு. அந்த முக்கோண ஓரம் இருக்கிறதே, அதுதான் என் வாழ்நாள் இன்பம். வெள்ளைத் துணியில் நீல முக்கோணங்களை ஒவ்வொன்றாக வரையப் போனால் ஒன்று பெரிதாகும், ஒன்று கோணும். முதலில் ஓரம் முழுக்க நீலப் பட்டை அடித்துவிட வேண்டும். காய்ந்ததும் மேலிருந்து வெள்ளையால் சிறு சிறு ஆப்பாக உள்ளே வெட்டிக்கொண்டே வர வேண்டும். மிஞ்சும் நீலம் தானாகப் பல்வரிசையாக நிற்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் செய்ய வேண்டிய வேலை. இப்படி வெட்டிக்கொண்டு வருவதும் வண்ணப் புத்தகங்கள் கற்றுத்தந்த கைவேலைதான்.

தலைப்பாகையில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். 1805இன் கடைசியில் மதராஸ் படையில் புதுத் தலைப்பாகையைத் திணித்தார்கள். தோல் வைத்துத் தைத்தது. நெற்றிக் குறியும் கூடாது, தாடியும் கூடாது என்றார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கலகமாக வெடித்தது அதன் விளைவு. ஒரு தலையணி இவ்வளவு தூரம் போயிருக்கும்போது, 1803 சிப்பாயின் தலையில் 1806இன் சமாசாரத்தை மாட்டினால் எப்படி? கம்பெனிச் சிப்பாயைப் போய் எதற்குத் தீட்டுகிறாய் என்று சில நண்பர்கள் முகம் சுளிப்பதுண்டு. சிவப்புக் கோட்டு வெள்ளைக்காரனுடையது, உள்ளே இருந்தவன் நம் ஊர்க்காரன், சம்பளத்துக்குப் போனவன். எதிர்ப்பக்கம் சிந்தியாவின் பீரங்கிக்காரர்களையும் அதே அக்கறையோடு தீட்டத்தான் போகிறேன்.

இனி முகம். எங்கள் தெருவில் மதராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அசாயே யானையைத் தொப்பியில் சின்னமாகச் சுமந்த படை அல்லவா, என் மேஜை அவருக்குச் சொந்த வீடு. ஒருநாள் புத்தகத்தில் தோல் நிறத்துக்கான பக்கத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"படத்துல இருக்கற தொரைக்கு இந்தக் கலரு சரிங்க தம்பி. நம்ம பசங்களுக்கு?"

"அதைத்தாங்க சார் யோசிச்சிட்டு இருக்கேன்."

"யோசிக்க என்ன இருக்கு? கையை நீட்டுங்க."

ஜன்னலோரம் நீட்டினேன். இரண்டு பேரும் என் புறங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விரல் இடுக்கில் நிழல் வெறும் கறுப்பாக இல்லை, கருஞ்சிவப்போடிய பழுப்பு. முட்டியின் மேட்டில் வெளிச்சம் வெள்ளையாக இல்லை, மஞ்சள் காவி. புத்தகத்தின் செய்முறை துரைக்கானதுதான். ஆனால் இருள், நடுத்தரம், வெளிச்சம் என்ற கணக்கு யாருக்கும் பொது. கருஞ்சிவப்பு கலந்த அம்பர் ஒரு படி, சுட்ட சியன்னாவோடு காவி ஒரு படி, அதிலேயே இன்னும் காவி சேர்த்து மூக்குத்தண்டிலும் கன்னமேட்டிலும் தொட்டு ஒரு படி. வெள்ளை ஒரு துளி சேர்த்தாலும் முகம் சாம்பல் பூத்துவிடும். கீழுதட்டுக்கு நடுநிறத்தில் கொஞ்சம் ஊதாச் சிவப்பு. பெரியவர் அந்த முதல் சிப்பாயை உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "இவன் திருநெல்வேலிக்காரன்" என்றார். எதை வைத்துச் சொன்னாரோ தெரியாது, எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

கண் விஷயத்தில் புத்தகத்தோடு எனக்கு ஒரு செல்லச் சண்டை உண்டு. பல வழிகாட்டிகள் முகத்தில் கண்ணை முதலிலேயே எழுதிவிடச் சொல்கின்றன. வெள்ளை வழிந்தால் அதைச் சுற்றித் தோல் நிறத்தால் மூடிவிடலாம், கடைசியில் எழுதி வழிந்தால் முடித்த முகம் பாழ் என்பது அவர்கள் வாதம். சரியான வாதம். ஆனால் பண்ருட்டியிலும் விளாச்சேரியிலும் கொலு பொம்மை வாங்கி வளர்ந்தவன் நான். நம் மரபில் கண் திறப்பது கடைசியில்தான். அதனால் சாதாரணச் சிப்பாய்களுக்குப் புத்தகப்படி முதலில் எழுதுகிறேன், அதிகாரிக்கும் கொடி தூக்குபவனுக்கும் மட்டும் கடைசிவரை கண்ணை மூடியே வைத்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். கொடிக்காரன் கண் திறக்கிற நாளில் எங்கள் வீட்டில் கேசரி.

இன்னொரு பெரிய அதிர்ஷ்டத்தைச் சொல்லாமல் விட்டால் எப்படி? இந்தப் புத்தகங்களில் பலவும் இங்கிலாந்தின் ஈரக் குளிரில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. சென்னை நண்பன் அதே புத்தகத்தைப் படித்துவிட்டுப் புலம்புகிறான்: பேலட்டில் பெயின்ட் வைத்தால் பிரஷை நனைத்துத் திரும்புவதற்குள் தோலாகிவிடுகிறதாம். குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே, பக்கத்து ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே. எங்களுக்கு அக்ரிலிக் சாவகாசமாகக் காய்கிறது, நிறத்தோடு நிறம் இழைக்க நேரம் கொடுக்கிறது. புத்தகத்தின் வானிலையில் வாழ்கிறேன் ஐயா நான்!

ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால் ஸ்ப்ரே டப்பாவைத் தொடக் கூடாது. காற்றின் ஈரத்தில் பிரைமர் மணல்மணலாக உட்காரும், மேட் வார்னிஷ் வெளுத்து மூடிக்கொள்ளும். எல்லாப் புத்தகமும் எச்சரிக்கும் விஷயம் இது. பிரஷ்ஷால் பூசும் பிரைமரும் வார்னிஷும்தான் இங்கே வருடம் முழுக்கக் கைகொடுக்கும். ஸ்ப்ரே டப்பாவை விமானத்தில் ஏற்றவும் மாட்டார்கள், ஆகவே அதற்காக ஏங்கிப் பிரயோஜனமில்லை. வெட் பேலட் சென்னைக்காரனுக்குக் கட்டாயம், எனக்கு ஆடம்பரம். ஒரு டிபன் பாக்ஸ், ஈர ஸ்பாஞ்ச், மேலே பேக்கிங் பேப்பர், அவ்வளவுதான். மெழுகு பூசிய தாளை வைத்தால் ஈரம் மேலே ஏறாது. இந்த ஊர் ஈரத்தில் ஸ்பாஞ்சில் பூஞ்சை பிடிக்கும். ஆங்கிலேய ஆட்டக்காரர்கள் செப்புப் பென்னி ஒன்றைத் தண்ணீரில் போட்டு வைப்பார்களாம். என் டப்பாவில் தாத்தா காலத்துச் செப்புக் கால் அணா கிடக்கிறது.

எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காத ஒன்றை எங்கள் மலை கொடுத்திருக்கிறது: தேயிலைத்தூள். சிப்பாய் நிற்கும் வட்டத் தட்டுக்கு மண் வேண்டும், புல் வேண்டும், சருகு வேண்டும். வெளிநாட்டில் அதற்கென்றே டப்பா டப்பாவாக விற்கிறார்கள். நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவன், எனக்கு எதற்கு டப்பா? சி.டி.சி. டஸ்ட்டைப் பசைமேல் தூவினால் 28 மில்லிமீட்டர் ஆளுக்கு அது பொடிக்கல் நிலம். ஆர்த்தடாக்ஸ் தேயிலையைக் கொதிக்கவைத்துப் பிழிந்து, நன்றாக உலர்த்தி நொறுக்கினால் காட்டுச் சருகு. தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மேலே விட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் ஆடி மாதத்துக்குள் படையே பூசணம் பூத்துவிடும். அசாயே கிடப்பது மகாராஷ்டிரத்தின் ஜால்னா பக்கம். அங்கே தேயிலை ஏது என்று யாரும் கேட்க வேண்டாம். காவி நிறத்தில் ஒரு டிரை பிரஷ் அடித்தால் அது தக்காணத்து மண்தான்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பெயின்ட் கம்பெனிகள் போடும் வழிகாட்டிகள் அவர்கள் டப்பாவின் பெயரைச் சொல்லியே செய்முறை எழுதுகின்றன. கேம்ஸ் வொர்க்ஷாப் 2012இல் தன் சிட்டாடல் பெயின்ட் வரிசையைப் புதுப்பித்துப் பெயர்களையும் மாற்றியது. 'பிளட் ரெட்', 'டெவ்லன் மட்' என்று எழுதிய பழைய புத்தகங்கள் எல்லாம் ஒரே நாளில் மொழிபெயர்ப்பாளர் தேடும் நிலைக்கு வந்தன. எனக்கு அதனால் நஷ்டமில்லை. 'டெவ்லன் மட்' என்பது பழுப்பு மைத்தண்ணி, பள்ளத்தில் ஓடித் தேங்கினால் நிழல். காரியம் புரிந்தவனுக்குக் கேம்லின் பழுப்பைத் தண்ணீரும் மீடியமும் கலந்து இறக்கத் தெரியும். இன்னொரு குறை கொஞ்சம் எரிச்சலானது. சில ஆடம்பர நூல்களில் முதல் மூன்று படங்கள் குழந்தைக்குச் சொல்வதாக இருக்கும், நான்காவது படத்தில் சிப்பாய் திடீரென்று மியூசியத்துக்குப் போகத் தயாராக நிற்பான். நடுவில் என்ன நடந்தது என்று ஆசிரியர் வாய் திறக்க மாட்டார். அப்படிப்பட்டவற்றை அட்டைப் படத்துக்காக மட்டும் வாங்கலாம். நான் வாங்கியிருக்கிறேன், வருத்தமில்லை.

படை கட்டுகிறவருக்கு முதல் புத்தகம் டாலிமோர்தான், சந்தேகமே வேண்டாம். நூறு பேரைத் தீட்டி முடிக்க அவருடைய மூன்று படி போதும். ஒரே ஒரு காட்சியை உயிரோடு நிறுத்த வேண்டும் என்ற வெறி வந்துவிட்டால் ஷெப்பர்ட் பெயினின் 'ஹவ் டு பில்ட் டயோரமாஸ்'. 1980இல் வந்த அமெரிக்கப் புத்தகம். அதில் வரும் பெயின்ட் முறைகள் பழசாகியிருக்கலாம், யார் எங்கே நிற்க வேண்டும், பார்ப்பவர் கண் முதலில் எங்கே விழ வேண்டும், எதைக் காட்டாமல் விட வேண்டும் என்று அவர் சொல்வதெல்லாம் பழசாகிற சரக்கா? படித்துவிட்டு என் அசாயே மேஜையையே திருப்பிப் போட்டேன். முன்னால் கைத்னா ஆற்றைக் கடக்கும் ஒரு கம்பெனி, பின்னால் கொடி, ஓரத்தில் நனைந்த மூட்டையோடு ஒரு தண்ணீர்க்காரன். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தண்ணீர்க்காரனைத்தான் பார்க்கிறார்கள்!

அடுத்தது காளைகள். வெல்லெஸ்லியின் படையில் பாரம் இழுத்தவை. மைசூரின் அமிர்த மகால் காளைகள் என்றால் அவருக்கு உயிர். என் அலமாரியில் குதிரைக்குப் பக்கம் பக்கமாகப் பாடம் இருக்கிறது. செம்பழுப்பு, கருப்பு, புள்ளிச்சாம்பல் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று படி. காளைக்கு ஒரு வரிகூட இல்லை. புள்ளிச்சாம்பல் குதிரைக்கான கணக்கையே எடுத்துக் காளைமேல் போடலாம் என்று பெரியவரிடம் சொன்னேன்.

"போடுங்க. ஆனா திமிலும் கழுத்தும் உடம்பை விடக் கறுத்திருக்கணும். கொம்பு நீளமா, பின்னால சாஞ்சு, நுனி கூர்மையா. புக்குல போட்டிருக்காங்களா?"

"காளையே இல்லீங்க சார்."

"அப்ப அடுத்த புக்கு வாங்குங்க தம்பி" என்றார். உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "சார், நீங்களுமா?" என்றாள்.